பெற்றோர் காக்கும் பொக்கிஷம்

அமெரிக்காவில் இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை இரவென்றால், பெருநகரத்துப் புறநகராயினும் சரி, சோள வயல் சூழ்ந்த சிற்றூராயினும் சரி, உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து மைதானத்தில் விளக்குகள் பட்டப்பகல்போல் எரியும். ஊர் ஜனங்களில் பெரும்பாலோர் அங்கேதான் கூடியிருப்பார்கள். ஆட்டத்தின் முற்பாதி முடிந்து வீரர்கள் ஓய்வறைக்குச் சென்றதும், நூறு நூற்றைம்பது மாணவ மாணவிகள், தலையில் இறகு செருகிய தொப்பியும் கையில் பளபளக்கும் பித்தளை வாத்தியமுமாக அணிவகுத்து வந்து, நடந்துகொண்டே வாசிப்பதும் வாசித்துக்கொண்டே வட்டமாகவும் கோணமாகவும் உருமாறுவதுமாகச் சில நிமிஷ நேரம் அந்தப் புல்தரையைத் தம் வசப்படுத்திக்கொள்வார்கள். ஆனால் அந்தக் காட்சியைக் காண மற்றெல்லோரையும்விட உரிமையும் ஆவலும் உடையவர்களான அக்குழந்தைகளின் பெற்றோரில் பத்துப் பன்னிரண்டு பேர், அச்சமயம் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு தகரக் கொட்டகைக்குள் நின்று, நாச்சோ வறுவலின்மீது சுடச்சுடச் சீஸ் குழம்பை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். இடைவேளையில்தான் தின்பண்டக் கடையில் வரிசை நீளும். வரிசையில் நிற்பவர்களின் சில்லறைதான் மைதானத்தில் முழங்கும் வாத்தியங்களுக்கு மூலதனம். ஆகையால் தம் பிள்ளையின் வாசிப்பைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டு கையால் பாப்கார்ன் அள்ளுவது அவர்களுக்கு வாய்த்த கைங்கரியம். பிற்பாதி ஆட்டம் தொடங்கியதும் மூன்றாம் கால்பகுதி முழுவதும் பேண்டு குழந்தைகளுக்கு ஓய்வு என்பது பல ஊர்களில் சம்பிரதாயம். வியர்வை வழியும் சீருடையோடு அவர்கள் அதே கடைக்கு ஓடிவந்து, பெற்றோர் விற்கும் பண்டத்தைப் பெற்றோர் கொடுத்த காசுக்கே வாங்கித் தின்பார்கள். பணம் சுற்றிச் சுற்றி வருவதைப் பொருளாதார நூல்களில் மட்டும் படித்தவர்கள் அதைக் கண்ணாற் காண விரும்பினால் இந்தக் கொட்டகைக்கு வரலாம்.

கடையை நடத்துவது பள்ளிக்கூடமன்று; 'பேண்டு பூஸ்டர் கிளப்' எனப்படும், பேண்டு மாணவர்களின் பெற்றோர் சேர்ந்து அமைத்த ஒரு சங்கம். தலைவர், உபதலைவர், காரியதரிசி, பொருளாளர் என்று நால்வர். சீருடைக்கு ஒருவர், லாரிக்கு ஒருவர், தின்பண்டக் கடைக்கு ஒருவர் என்று மேலும் சிலர். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. இவர்களில் கணக்குப் படித்தவர்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பல் வைத்தியரோ, வீட்டு மனைத் தரகரோ, மளிகைக் கடை மேலாளரோ பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மறுநாள் காலையில் ஓர் ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர், பெரிய குழுவாக இருந்தால் சில லட்சம் டாலர் புரளும் ஸ்தாபனத்தின் பொக்கிஷச் சாவியோடு விழித்தெழுவது அந்நாட்டில் சர்வசாதாரணம். இப்படிக் கையில் வந்து சேரும் பணம் யாருடையது என்ற கேள்விக்கு விடை சொல்வது, பார்வைக்குத் தோன்றுமளவுக்கு எளிதன்று. பள்ளிக்கூடத்தினுடையதா, சங்கத்தினுடையதா, அதைச் சம்பாதித்த பெற்றோருடையதா, வாசிக்கும் குழந்தையினுடையதா? நியாயஸ்தலம் வரைக்கும் போய் வந்த கேள்வி அது.

பள்ளிக்கூடத்துப் பேண்டு என்பதே ஒருவிதத்தில் வியாபாரத்தின் குழந்தை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊருக்கு ஊர் பெரியவர்களின் பேண்டு வாத்தியக் குழுக்கள் இருந்தன. பூங்காவில் மண்டபம் கட்டி அவர்களை வாசிக்கச் சொல்லி ஜனங்கள் கேட்டார்கள். அயோவா மாகாணத்தில் 1921-ஆம் ஆண்டு ஒரு சட்டமே இயற்றினார்கள்: ஊரார் வாக்களித்துச் சம்மதித்தால், பேண்டு நடத்துவதற்கென்றே ஊரில் வரி விதிக்கலாம் என்று. சங்கீதத்துக்கு வரி! அச்சட்டத்தைக் கொண்டாடி கார்ல் கிங் என்ற பேண்டு வித்துவான் அச்சட்டத்தின் பெயரையே இட்டு ஓர் அணிநடை இசையும் இயற்றினார். வரிச் சட்டத்தின் பெயரைத் தாங்கிய இசை உலகத்தில் வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. முதல் உலக யுத்தம் முடிந்து ராணுவப் பேண்டுகளில் வாசித்தவர்கள் ஊர் திரும்பியபோது அவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்களானார்கள்; யுத்தகாலத் தேவை தீர்ந்துபோன வாத்தியத் தொழிற்சாலைகளோ புதிய வாடிக்கைக்காரரைத் தேடிக்கொண்டிருந்தன. 1923-இல் சிகாகோவில் நடந்த முதல் தேசியப் பள்ளிப் பேண்டுப் போட்டிக்கு ஏற்பாடு செய்தவர்கள் வாத்தியம் செய்து விற்பவர்களே. இண்டியானா மாகாணத்து எல்க்ஹார்ட் நகரம் ஊதுகுழல் வார்த்தே பிழைத்தது.

பேண்டு என்றால் பணம், பணம் என்றால் அதைச் சுருட்ட ஒருவன் என்பதையும் அமெரிக்கர்கள் அப்போதே அறிந்திருந்தார்கள். அயோவாவில் பிறந்த மெரிடித் வில்ஸன் எழுதி 1957-இல் நியூயார்க்கில் மேடையேறிப் பெரும்புகழ் பெற்ற 'தி மியூஸிக் மேன்' என்ற இசை நாடகத்தின் கதாநாயகன் யாரென்றால், சங்கீதத்தில் அரிச்சுவடியும் அறியாமல், சிற்றூர்ப் பெற்றோரிடம் வாத்தியத்துக்கும் சீருடைக்குமாகப் பணம் வசூலித்துக்கொண்டு ரயிலேறத் திட்டமிடும் ஓர் எத்தன். ஊர் ஜனங்கள் அவனை மன்னித்துவிடுகிறார்கள். நாடகமல்லவா!

வரி போட்டு வாத்தியம் வாங்கிய காலம் போய், இப்போது பெரும்பாலான இடங்களில் பள்ளி நிர்வாகம் கொடுப்பது ஆசிரியரின் சம்பளம், பயிற்சி அறை, சில பெரிய வாத்தியங்கள், ஓரளவு பஸ் வசதி. மற்றவை யாவும் பூஸ்டர் கிளப்பின் தலையில். அந்த 'மற்றவை' என்ன என்று கேட்டால் ஜாபிதா நீளும். மைதானத்தில் யார் எந்த இடத்தில் எத்தனையாவது அடியில் நிற்க வேண்டும் என்று வரைந்து தருகிறவருக்குக் கட்டணம். பாட்டைக் குழுவுக்கேற்ப அமைத்து எழுதுகிறவருக்குக் கட்டணம். அந்தப் பாட்டின் உரிமை பெற்றவரிடம் அனுமதி வாங்கக் கட்டணம். தாள வாத்தியத்துக்கும் கொடி சுழற்றும் பெண்களுக்கும் தனித்தனிப் பயிற்சியாளர். வாத்தியங்களை ஏற்றிச் செல்லும் லாரி, அதற்கு டீசல், அதற்குக் காப்புறுதி. சீருடை ஒன்றுக்கு 400, 500 டாலர் ஆகும்; 150 பேர் என்றால் 60,000 முதல் 75,000 டாலர் வரை ஒரே தவணையில் வேண்டும்; பத்தாண்டில் அது நைந்துவிடும். (இச்சீருடை தைப்பதில் பெயர்பெற்ற இல்லினாய் மாகாணத்து டெமூலின் கம்பெனி 1892-இல் தொடங்கியது, ரகசிய சபைகளில் புதிதாகச் சேருகிறவர்களை மிரட்டிக் கீழே தள்ளும் இயந்திர ஆடு முதலிய வேடிக்கைச் சாதனங்களையும் அது அந்நாளில் செய்து விற்றது என்பது இங்கே அவசியமில்லாத விஷயம், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

வாத்தியங்களில் ராஜாவும் செலவாளியும் சூஸஃபோன்தான். உடம்பைச் சுற்றி மலைப்பாம்புபோல் வளைந்து தலைக்குமேல் அகன்று விரியும் அந்தப் பெருங்குழல் புதிதாக வாங்கினால் 5,000 டாலருக்கு மேல். தரமானது 10,000-ஐயும் தாண்டும். எந்தக் குடும்பமும் அதைச் சொந்தமாக வாங்குவதில்லை. பள்ளியோ கிளப்போதான் வாங்கி வைக்கும். 2011, 2012-ஆம் ஆண்டுகளில் தென் கலிபோர்னியாவில் பள்ளிக்குப் பள்ளி பூட்டுடைத்து சூஸஃபோன்களையும் அவற்றின் இனமான ட்யூபாக்களையும் கள்வர் கொண்டுபோனார்கள். பக்கத்தில் இருந்த மற்ற வாத்தியங்களில் கைவைக்காத இடங்களும் உண்டு. மெக்ஸிகோ மரபில் வந்த 'பாண்டா' இசைக்கு அப்பகுதியில் மவுசு ஏறி, கலியாணத்துக்கும் விருந்துக்கும் ட்யூபா வாசிக்கிறவருக்கு நல்ல வரும்படி கிடைத்ததே அதற்குக் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். திருட்டுப்போன வாத்தியத்துக்கு ஈடு தேடும் பொறுப்பு வந்து விழும் இடங்களில் ஒன்று, மறுபடியும், பெற்றோரின் தின்பண்டக் கடைதான்.

வருமானத்துக்கு முதல் வழி, ஒவ்வொரு குடும்பமும் கட்டும் ஆண்டுப் பங்குத்தொகை. ஊருக்கு ஊர் வேறுபட்டுச் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். அதில் மிஞ்சும் குறையை நிரப்பத்தான் விற்பனைகள். சாக்லேட், பிஸ்கட் மாவு, தோட்டத்துக்குப் போடும் மரப்பட்டைத் தூள், ஜூலை நான்காம் தேதிக்கு முன்னால் பட்டாசு என்று எதையும் விற்பார்கள். பள்ளியின் விளையாட்டுக் கூடத்தை ஒரே ஒரு நாளைக்கு மெத்தைக் கடையாக மாற்றி, கட்டில் கட்டிலாகப் பரப்பி, ஊராரைப் படுத்துப் பார்க்கச் சொல்லி மெத்தை விற்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. தொழில்முறைக் கால்பந்து நடைபெறும் பெரிய அரங்கங்களில் தின்பண்டக் கடைகளை ஏலமெடுத்த கம்பெனிகள், கூலியாட்களுக்குப் பதிலாக இத்தகைய கிளப்பின் பெற்றோரை நிறுத்தி, விற்பனையில் ஒரு பங்கைக் கிளப்புக்குக் கொடுக்கும். பல மணி நேரம் நின்றபடியே உழைத்து, தலைக்கு இத்தனை என்று வகுத்துப் பார்த்தால் கூலிக்காரரின் கூலிக்கு மேல் தேறுமா என்பது சந்தேகந்தான். ஆனால் பெற்றோர் வகுத்துப் பார்ப்பதில்லை. வரிச் சட்டமும் இந்த உழைப்பை மதிக்கிறது என்று சொல்ல வேண்டும். தர்ம ஸ்தாபனம் தன் நோக்கத்துக்குப் புறம்பான வியாபாரம் செய்தால் அந்த லாபத்துக்கு வரி உண்டு. ஆனால் அவ்வியாபாரத்தின் வேலை ஏறக்குறைய முழுவதும் சம்பளமில்லாதவர்களால் செய்யப்பட்டால் வரி இல்லை. காசு வாங்காத கைதான் இங்கே வரிவிலக்குக்கு ஆதாரம்.

பழ விற்பனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வடக்கே பனி விழும் மாகாணங்களில் பேண்டு மாணவர்கள் அக்டோபர் மாதம் வீடு வீடாகச் சென்று ஆரஞ்சுக்கும் பம்பளிமாஸைப் போன்ற கிரேப்ஃப்ரூட்டுக்கும் முன்பதிவு வாங்குவதும், கிறிஸ்துமஸுக்கு முன் பிளாரிடாவிலிருந்து லாரி நிறையப் பெட்டிகள் வந்து இறங்குவதும், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் பள்ளி வாசலில் பெற்றோர் சங்கிலிபோல் நின்று பெட்டிகளைக் கை மாற்றுவதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவருவது. தாத்தா விற்ற அதே தெருவில் பேத்தி விற்கிறாள். இந்த ஏற்பாட்டின் அடிவயிற்றில் கைவைத்தது ஒரு பூச்சி. சைலிட் என்ற அச்சிறு பூச்சி பரப்பும் 'ஹுவாங்லாங்பிங்' நோய் 2005-இல் பிளாரிடாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது, நோய் கண்ட மரத்தின் காய் பழுக்காமலே பச்சையாக உதிரும், அதற்கு மருந்தில்லை. 2003–04 பருவத்தில் 24 கோடிப் பெட்டிக்கு மேல் ஆரஞ்சு விளைந்த பிளாரிடாவில், இடையே புயல்களும் அடித்து, 2023–24 பருவத்தில் விளைந்தது 1.8 கோடிப் பெட்டிகூட இல்லை. அதன் பலனைப் பழத்தோட்டத்துக்கு ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒஹையோவிலும் மிச்சிகனிலும் இருக்கிற பொருளாளர் அனுபவிக்கிறார். கொள்முதல் விலை ஏறுகிறது. விற்பனை விலையை ஏற்றினால் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு பெட்டிக்குப் பதில் அரைப் பெட்டி போதும் என்கிறாள். சிலர் கலிபோர்னியாப் பழத்துக்கும் டெக்ஸஸ் பழத்துக்கும் மாறினார்கள். சிலர் பழத்தைவிட்டுப் பூச்செடிக்குப் போனார்கள்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த பணம் யாருடையது என்பதைப் பற்றி வெகுகாலமாகக் கிளப்புகளில் ஒரு வழக்கம் இருந்துவந்தது. ஏட்டில் ஒவ்வொரு மாணவன் பெயருக்கும் ஒரு பக்கம். அவன் சாக்லேட் விற்று 40 டாலர் லாபம் காட்டினால் அவன் பக்கத்தில் 40 டாலர் வரவு. அவன் தாயார் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரங்கத்துக் கடையில் நின்றால் அவருக்குரிய பங்கும் அவன் பக்கத்திலேயே வரவு. ஆண்டு முடிவில் அது அவனுடைய பங்குத்தொகையில் கழிக்கப்படும். உழைத்தவனுக்கு உழைப்பின் பலன். கேட்பதற்கு இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா? வர்ஜீனியா மாகாணத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் குழந்தைகளின் பெற்றோர் நடத்திய 'கேப்பிட்டல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப்'பும் இப்படித்தான், லாபத்துக்குத் தக்கபடி புள்ளி போட்டு, புள்ளிக்குத் தக்கபடி அந்தந்தக் குடும்பத்தின் பாக்கியைக் குறைத்துக்கொண்டு வந்தது. வருமான வரி இலாகா அதன் தர்ம ஸ்தாபன அந்தஸ்தைப் பறித்தது. கிளப் வரி நியாயஸ்தலத்துக்குப் போயிற்று. 2013-இல் தீர்ப்பு இலாகாவின் பக்கமே வந்தது. 501 (சி) (3) என்ற பிரிவின்கீழ் வரிவிலக்குப் பெற்ற ஸ்தாபனத்தின் வருமானம் தனிமனிதரின் நன்மைக்குப் போகலாகாது என்பது சட்டம். தன் பிள்ளையின் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ள ஒருவர் பொருள் விற்பாரானால் அது அவருடைய சொந்தக் காரியமேயன்றித் தர்மமாகாது. விற்காத குடும்பத்தின் குழந்தைக்கு அதிலிருந்து ஒரு காசும் போய்ச் சேரவில்லை என்பதே அதற்குச் சான்று. தீர்ப்பின் சாரம் இது.

டாலஸ் நகரைச் சூழ்ந்த புறநகர்களிலும் நியூ ஜெர்ஸியிலும் குடியேறிய நம்மவர் குழந்தைகளில் பலர் இன்று கிளாரினெட்டும் புல்லாங்குழலுமாக இக்குழுக்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோருக்கு இந்தத் தீர்ப்பை விளக்க அதிகப் பிரயாசை வேண்டாம். நம் கிராமத்தில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறார்கள். வரி கொடுத்தவன் வீட்டு வாசலுக்கும் கொடாதவன் வீட்டு வாசலுக்கும் தேர் ஒன்றுதான், தெருவும் ஒன்றுதான். கொடாதவன் வாசலில் தேரை நிறுத்தலாகாது என்று கூட்டத்தில் எழுந்து வாதாடும் பிரகிருதி எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். அவர் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் சொற்படி நடந்தால் திருவிழா ஊர்த் திருவிழாவாக இராது. அமெரிக்கப் பூஸ்டர் கிளப்புகளில் அவருடைய கட்சிதான் நெடுங்காலம் ஆட்சி செய்தது. தீர்ப்பு வந்தும் பல இடங்களில் பெயரை மாற்றிக்கொண்டு அது இன்னும் பதவியில் இருக்கிறது.

இந்த விஷயத்தில் சட்டம் சொல்வதே சரி என்பது என் அபிப்பிராயம். உழைப்புக்கேற்ற வரவு என்னும் ஏற்பாட்டில் யார் ஜயிப்பார்கள் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தகப்பனார் தம் ஆபீஸில் ஒரு தாளை வைத்துவிட்டு வந்தால் மாலைக்குள் முப்பது பழப் பெட்டிக்குக் கையெழுத்து விழுகிற குழந்தை ஒன்று. தாயார் இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிற குழந்தை மற்றொன்று. ஏடு இரண்டையும் 'உழைப்பு' என்ற ஒரே தலைப்பில் பதிந்துகொள்கிறது. பொதுப்பணத்தில் அப்படியில்லை, வந்ததெல்லாம் ஒரே பானையில் விழுகிறது, எல்லோருக்கும் பங்குத்தொகை ஒருசேரக் குறைகிறது, கஷ்ட நிலையைச் சொல்லி விண்ணப்பிப்பவருக்கு நிலைமை பார்த்து உதவி செய்யப்படுகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதையும் மறைக்கலாகாது. தன் பெயரில் வரவில்லை என்றதும் விற்கிறவர்கள் தொகை குறைகிறது. கடைசியில் அதே பத்துக் குடும்பங்கள் எல்லா வேலையையும் சுமக்கின்றன. அந்தப் பத்துக் குடும்பங்களுக்குள் நடக்கும் பேச்சு, குறிப்பேட்டில் பதியத் தக்கதாக இராது.

கலிபோர்னியாவில் கேள்வி இதற்கும் ஒருபடி மேலே போயிற்று. 1978-இல் சொத்துவரிக்கு வரம்பு கட்டிய பதின்மூன்றாம் எண் தீர்மானம் நிறைவேறியபின் பள்ளிகளுக்குப் பணமுடை வந்தது. ஸாண்டா பார்பராவில் உயர்நிலைப் பள்ளி நிர்வாகம் நாடகம், வாய்ப்பாட்டு, வாத்தியம், விளையாட்டு என்று இனத்துக்கு 25 டாலர் வீதம் மாணவரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஏழைகளுக்கு விலக்கும் கொடுத்தது. வழக்கு நடந்து, 1984-இல் அம்மாகாணத்தின் உச்ச நியாயஸ்தலம் தீர்ப்புச் சொல்லிற்று: இலவசக் கல்வி என்று அரசியல் சட்டம் வாக்களித்திருக்கையில், பாடத்துக்குப் புறம்பான நிகழ்ச்சியாயினும் கட்டணம் கூடாது, ஏழை என்று மனுச் செய்துகொண்டால் விலக்களிப்போம் என்பதும் பரிகாரமாகாது. ஆகவே அங்கே பூஸ்டர் கிளப் கேட்கலாமே தவிரக் கட்டாயப்படுத்தலாகாது. 'இது நன்கொடை, கொடாவிட்டாலும் உங்கள் குழந்தை வாசிக்கும்' என்று கடிதத்தில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் தொகையையும் கெடுவையும் எழுதும் கலையைக் கலிபோர்னியாப் பொருளாளர்கள் பழகிக்கொண்டிருக்கிறார்கள். தீர்ப்பு தடுக்க முடியாதது ஒன்று உண்டு: செல்வர் வாழும் பகுதியின் நன்கொடை லாரியும் புதிய வாத்தியமுமாக மைதானத்தில் வந்து நிற்கிறது, ஏழைப் பகுதியின் குழு பழைய சீருடையோடு அதே போட்டிக்கு வருகிறது.

பணம் யாருடையது என்பதைச் சட்டம் தீர்த்துவிட்டாலும், அது யார் கையில் இருக்கிறது என்பது அன்றாடப் பிரச்சினை. ஆட்டம் முடிந்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்போது தின்பண்டக் கொட்டகையின் மூலையில் இருவர் உட்கார்ந்து எண்ணத் தொடங்குகிறார்கள். கடுகுச் சாந்து பட்ட ஒரு டாலர் நோட்டுகளை ஒரு திசையில் முகம் பார்த்து அடுக்குகிறார்கள். இருபத்தைந்து சென்ட் நாணயங்களை நான்கு நான்காகக் குவிக்கிறார்கள். மாலையில் சில்லறை கொடுப்பதற்காகப் பெட்டியில் வைத்த தொகையை முதலில் கழித்துத் தனியே எடுத்துவைக்கிறார்கள். ஒருவர் எண்ணியதை மற்றவர் மறுபடி எண்ணி, தாளில் இருவரும் கையெழுத்திட்டு, பையைப் பூட்டி, பாங்கியின் சுவரிலுள்ள இரவு வைப்புப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வீடு போய்ச் சேர நள்ளிரவாகிறது. எண்ணும் இருவரும் ஒரே குடும்பத்தாராக இருக்கலாகாது என்பது நல்ல கிளப்புகளின் விதி. செக்கில் இருவர் கையெழுத்து வேண்டும். பாங்கிக் கணக்குத்தாள், கையெழுத்திடும் அதிகாரமில்லாத ஒருவர் வீட்டுக்குப் போய் அவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதாந்தரக் கூட்டத்தில் வரவு செலவைப் படிக்க வேண்டும். பேண்டு ஆசிரியர் என்ன வாங்க வேண்டும் என்று கேட்கலாம், செக்கில் கையெழுத்திடலாகாது. இவை ஒன்றும் புதிய தத்துவங்களல்ல.

இருந்தும், பெற்றோர் சங்கத்துப் பணத்தைக் கையாடிய பொருளாளர் தண்டனை பெற்ற செய்தி அந்நாட்டுப் பத்திரிகைகளில் ஆண்டு தவறாமல் வருகிறது. கதை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது. யாரும் ஏற்காத பதவியை மனமுவந்து ஏற்றவர். நாலைந்து ஆண்டு மாற்றமின்றி இருந்தவர். ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தவர். பாங்கி அட்டை அவர் ஒருவர் கையிலேயே இருந்தது. முதலில் ஒரு மாத வீட்டுக் கடன் தவணைக்காகச் சிறு தொகையை எடுத்து, சம்பளம் வந்ததும் போட்டுவிடலாம் என்று நினைத்திருப்பார். ஒருவேளை முதல் தடவை போட்டும் இருப்பார். 'அவரைப் போய்ச் சந்தேகிப்பதா?' என்று கூச்சப்பட்ட மற்றவர்களின் நல்ல குணமே அவருக்கு வழி திறந்து விட்டிருக்கும். கணக்குக் கேட்பதை அவமரியாதை என்று நினைப்பது பொதுக் காரியங்களைக் கெடுக்கும் பலவீனங்களில் முதன்மையானது. பொருளாளர் தாமே முன்வந்து 'என் கணக்கைப் பாருங்கள்' என்று வற்புறுத்துவதே அவருக்குக் கவசம். காப்புறுதிக் கம்பெனிகள் கையாடலுக்கும் ஈட்டுறுதி விற்கின்றன. சற்று விவரம் தெரிந்த கிளப்புகள் அதையும் வாங்கி வைத்துக்கொள்கின்றன.

திருட்டைவிட அதிகமான கிளப்புகளை வீழ்த்தியது மறதி என்று சொன்னால் மிகையாகாது. 50,000 டாலருக்குமேல் வழக்கமாக வருமானமில்லாத சிறு ஸ்தாபனங்கள் ஆண்டுக்கொரு முறை '990-என்' என்ற மின் அஞ்சலட்டையில் எட்டே விவரங்களைப் பதிந்தனுப்பினால் போதும். பெயர், விலாசம், பொறுப்பாளர் யார் என்ற அளவில் முடிந்துவிடும். அதற்கு மேற்பட்டு 2,00,000 டாலருக்கு உட்பட்டவர்களுக்குச் சற்று நீண்ட படிவம். அதையும் தாண்டினால் முழுப் படிவம். தொடர்ந்து மூன்றாண்டு அனுப்பத் தவறினால் வரிவிலக்குத் தானாகவே ரத்தாகும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2011 ஜூன் மாதம் இலாகா முதல் ஜாபிதாவை வெளியிட்டபோது விலக்கிழந்திருந்த ஸ்தாபனங்கள் சுமார் 2,75,000. அவற்றில் பல ஏற்கெனவே மூடிக் கிடந்தவை என்றாலும், உயிரோடு இருந்து இந்த விதியை அறியாதிருந்தவையும் உண்டு. மீண்டும் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, காத்திருக்க வேண்டும். இடையில் நன்கொடை கொடுத்தவர் தம் வரியில் அதைக் கழித்துக்கொள்ள முடியாமற் போகலாம்.

மறதிக்குக் காரணம் சோம்பலன்று. இந்தச் சங்கத்தின் அமைப்பே அப்படி. உயர்நிலைப் பள்ளிப் படிப்பு நான்கு ஆண்டு. பிள்ளை பட்டம் பெற்றுக் கல்லூரிக்குப் போனதும் பெற்றோரின் சங்கத் தொடர்பும் முடிகிறது. முதலாண்டில் ஒன்றும் புரியாது. இரண்டாமாண்டில் கடையில் நிறுத்துவார்கள். மூன்றாமாண்டில் பதவி தேடி வரும். நான்காமாண்டு முடிவில் எல்லாம் தெரிந்த நிலையில் போய்விடுவார்கள். மே மாதக் கூட்டத்தில் தேர்தல் நடக்கும்போது, பொருளாளர் பதவிக்குப் பெயர் முன்மொழியுமாறு தலைவர் கேட்டதும் மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கைபேசியில் அவசரச் செய்தி வந்துவிடும். ஒருவழியாக ஒருவர் அகப்பட்டபின், பாங்கிக்கு இருவரும் சேர்ந்துபோய்க் கையெழுத்து மாற்றுவதும், பழைய ரசீதுகள் அடைத்த அட்டைப்பெட்டி ஒரு காரின் பின்புறத்திலிருந்து மற்றொரு காருக்கு மாறுவதும், கடவுச்சொற்கள் எழுதிய தாள் கைமாறுவதும் ஜூன் மாதத்துக்குள் முடிய வேண்டும். ஜூன் 30-ஆம் தேதியோடு கணக்காண்டை முடிக்கும் கிளப்புகளுக்கு வரிப் படிவத்தின் கெடு நவம்பர் 15. முன்னவருடைய பிள்ளை அதற்குள் வேறு மாகாணத்தில் கல்லூரிப் பேண்டில் வாசித்துக்கொண்டிருக்கும். புதியவர், தாம் ஒரு காசும் கையாளாத ஓர் ஆண்டின் கணக்குக்குக் கையெழுத்திட வேண்டியிருக்கும். இண்டியானபொலிஸ் நகரத்தின் லூகாஸ் ஆயில் அரங்கத்தில் தேசிய இறுதிப் போட்டி நடைபெறுவதும் ஏறக்குறைய அதே வாரத்தில்தான். ஆகையால் போட்டிக்குப் போகும் குழுவின் பொருளாளர் ஆறு மாத அவகாசம் கேட்கும் படிவத்தை முன்னதாகவே பூர்த்திசெய்து அனுப்பிவிட்டுப் பஸ் ஏறுகிறார். போகாத குழுவின் பொருளாளர் வீட்டிலிருந்து பழப் பெட்டிகளின் முன்பதிவைக் கூட்டிப் பார்க்கிறார்.